திரும்பத் திரும்ப வரும் குடல் தொற்றுக்கு மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை: செய்துகொள்ளலாமா?

கேள்வி: மலர்விழி
பிரிட்டனில் எங்களுடன் வசிக்கும் மாமியாருக்கு, நுரையீரல் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது; குளோஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமிதான் காரணம் என்றார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்வரை அடங்கியிருந்துவிட்டு, நிறுத்திய சில வாரங்களில் மறுபடியும் வந்துவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்தலாம் என்கிறார் மருத்துவர். அத்தையோ கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதற்குத் தக்க ஆதாரம் உண்டா?

மறுமொழி: குணசீலன்
உண்டு, சகோதரி. வான்கோமைசின் கிருமியைக் கொன்றாலும் அதன் வித்துகளை, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவத்தை, அழிப்பதில்லை. கூடவே நல்ல பாக்டீரியாக்களையும் குறைத்துவிடுகிறது. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களை அந்த நல்ல பாக்டீரியாக்கள்தாம் வேறு வடிவத்துக்கு மாற்றி, இக்கிருமி வளரவிடாமல் தடுக்கின்றன. அவை இல்லாதபோது, மாற்றப்படாத பித்த அமிலங்களே வித்துகளை முளைக்கத் தூண்டுகின்றன. இழந்த அந்தக் கூட்டத்தைத் திரும்பக் குடியேற்றுவதே இச்சிகிச்சை. 1958இலேயே அமெரிக்காவின் டென்வரில் அறுவை மருத்துவர் பென் ஐஸ்மன் குழுவினர் நான்கு நோயாளிகளுக்கு இதைச் செய்தனர். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஒரே முறை செலுத்தியதில் 16 பேரில் 13 பேர் குணமடைய, வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரே குணமடைந்தனர். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

மறுமொழி: தேன்மொழி
நான் செவிலியர். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2022இல், முன்பே இரண்டு முறையோ அதற்கு மேலோ இத்தொற்று வந்தவர்களுக்கு இதைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் யாரேனும் சொன்னார்கள் என்று உறவினரின் மலத்தைக் கொண்டு வீட்டில் செய்துவிடாதீர்கள். அமெரிக்காவில், மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை என்ற பாக்டீரியா இருந்த மல தானத்தால் இருவர் நோயுற்று, ஒருவர் இறந்ததாக 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கொடையாளரின் இரத்தத்தையும் மலத்தையும் அத்தனை கடுமையாகப் பரிசோதிப்பது இதனால்தான். மாமியாருக்கு நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து ஏதேனும் நடந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

அவருடைய அருவருப்பு இயல்பானதே; வற்புறுத்த வேண்டாம். கேப்ஸ்யூலாகத் தருவார்களா என்று கேளுங்கள். 2017இல் வெளியான கனடா ஆய்வில், கேப்ஸ்யூல் விழுங்கியவர்கள், கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே பெருங்குடலுக்குள் செலுத்தும் குழாய்) வழியாகப் பெற்றவர்கள் ஆகிய இரு பிரிவினரிலும் சுமார் 96 சதவீதத்தினருக்கு 12 வாரங்கள்வரை தொற்று திரும்பவில்லை.

அதுவரை வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆல்கஹால் ஜெல் இந்த வித்துகளைக் கொல்லாது. கழிவறையை பிளீச் கொண்டு துடையுங்கள்.