தூஃபியின் மஸ்லஹா: அவரே பயன்படுத்திய உதாரணம் ஒன்று வேண்டும்

அஸ்ஸலாமு அலைக்கும். உசூலுல் ஃபிக்ஹில் (இஸ்லாமியச் சட்டக் கோட்பாட்டில்) தாராளவாதப் போக்குகள் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

1316-ல் இறந்த ஹன்பலி (சட்டப் பள்ளி) அறிஞர் நஜ்முத்தீன் அத்தூஃபி, "லா ளரர வலா ளிரார்" (தீங்கு செய்வதும் இல்லை, பதிலுக்குத் தீங்கு செய்வதும் இல்லை) ஹதீஸுக்கு எழுதிய விளக்கத்தில் 19 சட்ட ஆதாரங்களை அடுக்குகிறார். அவற்றில் வலுவானவை நஸ்ஸும் (குர்ஆன், ஹதீஸ் வாசகம்) இஜ்மாவும் (அறிஞர்களின் ஒருமித்த முடிவு). மஸ்லஹா (மக்கள் நலன்) இவற்றோடு மோதினால் மஸ்லஹாவே முந்தும் என்கிறார். ரத்து செய்வதாக அல்ல, தக்ஸீஸ் (பொதுச் சட்டத்தின் வரம்பைக் குறுக்குவது), பயான் (விளக்குவது) என்ற வழியில். அதுவும் முஆமலாத்தில் (கொடுக்கல் வாங்கல் போன்ற உலக விவகாரங்களில்) மட்டும்; இபாதத்திலும் (வணக்க வழிபாடுகளிலும்) அளவு குறிக்கப்பட்ட சட்டங்களிலும் கிடையாது. 1906-ல் கெய்ரோவின் அல்மனார் இதழில் அதன் ஆசிரியர் ரஷீத் ரிளா இதை வெளியிட்டார். இன்று சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இதைப் பெரிய ஆதாரமாக எடுக்கிறார்கள்.

அரபு மூலத்தை அகராதியோடு இரண்டு முறை படித்தேன். ஜெராக்ஸ் தாளில் "நஸ்ஸு" வரும் இடமெல்லாம் பென்சில் கோடு. அப்படித்தான் ஒரு வரி மாட்டியது: எல்லா வகையிலும் கத்இயான (ஐயத்துக்கே இடமில்லாத) நஸ்ஸு மஸ்லஹாவுக்கு முரண்படும் என்பதையே அவர் ஏற்கவில்லை. அப்படியானால் மஸ்லஹா முந்துவது ளன்னியான (வேறு பொருளுக்கும் இடம் தரும், உறுதி குறைந்த) நஸ்ஸை மட்டும்தானே? இந்த வரியை விட்டுவிட்டு அவரை மேற்கோள் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டு உஸ்தாதுகளிடம் (ஆசிரியர்களிடம்) கேட்டேன். ஒருவர் "இது வெறும் தக்ஸீஸ்தான்" என்றார், மற்றவர் "அந்தப் பக்கமே போகாதே" என்றார். மஸ்லஹா பற்றி எழுதிய மாலிகி அறிஞர் ஷாத்திபியையும் புரட்டினேன், அவர் வழி வேறு. ஒரு நடைமுறை உதாரணம் இருந்தால் முடிச்சு அவிழும்.

தூஃபி தன் மற்ற நூல்களில் எங்காவது, குறிப்பிட்ட ஒரு முஆமலாத் சட்டத்தில், நஸ்ஸுக்கு மேலாக மஸ்லஹாவை வைத்துத் தீர்ப்பு சொன்ன இடம் யாருக்காவது தெரியுமா?