பலாலி–திருச்சி: 20 நிமிசப் பறப்புக்கு ஏன் ஒரு மணித்தியாலம்?

பனங்கொட்டை:
யாழ்ப்பாணத்து பலாலி விமான நிலையத்துக்கும் திருச்சிக்கும் இடையில 99 மைல் எண்டு காட்டுது. அப்ப 159 கிலோமீற்றர். இதில ஓடுற ஏ.ரி.ஆர். 72 எண்ட விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் ஓடும். கணக்குப்படி 19 நிமிசம். அட்டவணையில மட்டும் ஒரு மணித்தியாலம் போடுறாங்கள். பிந்தி வந்தாலும் நேரத்துக்கு வந்ததாக் காட்டுற கள்ளக்கணக்குத்தானே?

நாவற்குழியான்:
மைலிலயே பிழைச்சிட்டீங்கள். அது கடல் மைல். 1.609 இல்லை, 1.852ஆல பெருக்கவேணும், கிட்டத்தட்ட 184 கிலோமீற்றர் வரும்.

அடுத்தது, அந்த 500 மேல சமனாப் பறக்கேக்க உள்ள வேகம். 16,000 அடிக்கு ஏறவே கால் மணித்தியாலம் பிடிக்கும், அதுக்குள்ள 50 கடல் மைல் போயிடும். இறக்கத்துக்கு ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் எண்டு விமானியள் வைக்கிற கணக்கு: 48. ரண்டையும் கூட்டிப் பாருங்கோ, 99இல என்ன மிச்சம்? ஏறி முடிய இறங்க வேண்டியதுதான்.

பனங்கொட்டை:
சரி, மைல் என்ர பிழை. சராசரி 200 நொட் (மணிக்கு 200 கடல் மைல்) எண்டு வைச்சாலும் அரை மணித்தியாலம்தானே. மிச்ச அரை எங்க போச்சு?

நாவற்குழியான்:
அட்டவணை நேரம் சில்லுக்குக் கட்டை எடுக்கிறதில துவங்கி, மற்றப் பக்கம் கட்டை வைக்கிறதில முடியும். ரண்டு பக்கத் தரை ஓட்டமும் அதுக்குள்ளதான். பலாலி ஓடுபாதை 05/23, அதாவது ஒரு முனை வடகிழக்கைப் பாத்து (05), மற்றது தென்மேற்கைப் பாத்து (23). தென்மேற்குக் காத்தெண்டால் 23இல இறங்கவேணும். திருச்சியில இருந்து வாற விமானம் கடல்பக்கம் சுத்தி வரும். மேற்குக் காத்து 25 நொட் அடிச்சால் இஞ்சால வர 27 நிமிசம், அங்கால போக 33. அட்டவணை ரண்டுக்கும் தாங்கவேணும்.

பாக்குநீரிணை:
சென்னையோட ஒப்பிட்டால் விளங்கும். பலாலி–சென்னை 354 கிலோமீற்றர், 191 கடல் மைல். தூரம் ரண்டு மடங்கு, நேரம் ரண்டு மடங்கில்லை. ஏத்தம், இறக்கம், தரை ஓட்டம் ரண்டுக்கும் ஒண்டுதான். கூடின 92 கடல் மைலையும் 270 நொட்டில பறந்தால் 20 நிமிசம். அதால ஒரு மணி இருபது. (ரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், ரிக்கெற்றில உள்ளதை அப்பிடியே கழிக்கலாம்.)

மதுரை, தஞ்சாவூர் போறவைக்குத் திருச்சிதான் லாபம். சென்னையில இறங்கினால் பறப்பில கூடுற 20 நிமிசத்தை விட, தெற்க திரும்பி வாற றோட்டு எத்தினையோ மணித்தியாலம் தின்னும்.

பனங்கொட்டை:
ஜெட் விட்டால்?

நாவற்குழியான்:
99 கடல் மைலில ஜெட்டும் ஏறி இறங்கத்தான் சரி. மிஞ்சினால் அஞ்சாறு நிமிசம் மிச்சம். 2019இல பலாலி திறக்கேக்க பாவிச்ச ஓடுபாதை 1,400 மீற்றர்; முழுச்சுமையோட ஏ320 ஜெட்டுக்கு அது காணாது.

பனங்கொட்டை:
கூட்டிப் பாத்தன். பறப்பு 33, சுத்திறது 8, தரை ஓட்டம் 10. 51தான் வருது. ஒம்பது நிமிசம் இன்னும் இடிக்குது அண்ணை.

நாவற்குழியான்:
அந்த ஒம்பதையும் விட்டுத்தாறன். ஆனா அதே விமானம்தான் திரும்பிப் போகவேணும். சென்னை வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு விமானத்தைக் கொழும்புக்குக் கைமாத்தேக்க ஒருக்காக் காத்திருந்தால் அது கரைஞ்சிடும்.