மாடலில் ரத்தக்குழாய்களின் ரெசிஸ்டன்ஸை (ஓட்டத்துக்கான தடையை) ஏற்றியும் இரத்த அழுத்தம் பழைய இடத்துக்கே இறங்குகிறது, பைதான் கோடில் தவறா?

நாடித்துடிப்பு:
பைதானில் ஒரு சின்ன மாடல். இதயம், தமனி, பேரோரிஃப்ளெக்ஸ் (அழுத்தத்தை உணர்ந்து நரம்பு வழியாகச் சட்டென்று திருத்தும் அமைப்பு), அப்புறம் அழுத்தம் ஏறினால் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும் சிறுநீரகம், அவ்வளவுதான். மொத்த ரெசிஸ்டன்ஸை 30 சதவீதம் கூட்டினேன். சராசரி அழுத்தம் 93 mmHg-லிருந்து சட்டென்று ஏறுகிறது, ஆனால் மாடலின் கணக்கில் சில நாட்கள் ஓடியதும் மறுபடி 93-க்கே வந்துவிடுகிறது. அழுத்தம் என்பது கார்டியாக் அவுட்புட்டும் (இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் ரத்தம்) ரெசிஸ்டன்ஸும் பெருக்கியதுதானே, பிறகு எப்படி?

வளைகோடு:
கோட் சரியாகத்தான் இருக்கிறது. அவுட்புட்டை வரைந்து பாருங்கள், 5 லிட்டரிலிருந்து 3.85 பக்கம் இறங்கியிருக்கும். அழுத்தம் துளி கூடுதலாக இருக்கும்வரை சிறுநீரகம் உள்ளே வருவதைவிட அதிகமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ரத்த அளவு குறைந்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும், வரவும் செலவும் சமமானால்தான் நிற்கும். உடலியலாளர் ஆர்தர் கைட்டனின் குழு 1972-இல் வெளியிட்ட பெரிய மாடலின் அடிப்படையே இதுதான். கை கால்களை இழந்தவர்களுக்கு மொத்த ரெசிஸ்டன்ஸ் கூடினாலும் அழுத்தம் நிரந்தரமாக ஏறுவதில்லை என்பதையும் அவர் சான்றாகக் காட்டுவார். சிறுநீரகத்துக்குள் நுழையும் நுண்தமனியின் ரெசிஸ்டன்ஸைக் கூட்டிப் பாருங்கள், ஏறியது இறங்காது.

எதிர்வாதி:
ஆனால் இந்த முடிவை மாடலுக்குள் வைத்ததே நாம்தான். சிறுநீரக வளைவு (எந்த அழுத்தத்தில் எவ்வளவு உப்பும் நீரும் வெளியேறும் என்பது) அசையாது என்று எழுதிவிட்டால் வேறு விடை எப்படி வரும்? நிஜத்தில் ரத்தக்குழாயைச் சுருக்கும் சிம்பதெடிக் நரம்புகளும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனும் அதை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன, உயர் ரத்த அழுத்தத்துக்கு எது முதல் காரணம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இன்னொன்று, பேரோரிஃப்ளெக்ஸின் இலக்கை மாறிலியாக வைத்திருந்தால் மாற்றுங்கள், அழுத்தம் உயர்ந்தே இருந்தால் அந்த உணரிகள் ஓரிரு நாளில் புதிய அளவுக்குப் பழகிவிடும்.

நாடித்துடிப்பு:
அவுட்புட் 3.85-தான்! நுண்தமனியையும் மாற்றினேன், அழுத்தம் மேலேயே நிற்கிறது. ஆனால் சுமார் 10 வினாடிக்கு ஒருமுறை ஒரு அலை வருகிறது, சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரின் கோளாறா?

படிநேரம்:
ரிஃப்ளெக்ஸில் டிலே வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அது பெரும்பாலும் மேயர் அலை, அதாவது ரத்த அழுத்தத்தில் தானாக வரும் மெதுவான ஏற்ற இறக்கம், மனிதர்களிடமும் 0.1 ஹெர்ட்ஸ் பக்கம் தெரியும். சிம்பதெடிக் கட்டளை ரத்தக்குழாயைச் சுருக்குவதற்குள் சில வினாடி போய்விடுகிறது, அதற்குள் அழுத்தம் மாறிவிடுவதால் திருத்தம் பிந்தி வருகிறது. டிலேயைச் சுழியமாக்கி ஓட்டுங்கள், அலை மறைந்தால் அதுதான். மறையாவிட்டால் நேரப்படியைப் பாதியாக்கிப் பாருங்கள். நாள்கணக்கில் ஓட்டும்போது மட்டும் ஒவ்வொரு துடிப்பையும் கணக்கிடாதீர்கள், ஒரு நாளுக்கே சுமார் 1 லட்சம் துடிப்பு, சராசரி ஓட்டமே போதும்.