லாட்விய இசையமைப்பாளர் வாஸ்க்ஸின் இசையை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்?

லாட்வியத் தலைநகர் ரீகாவில் மருத்துவம் படிக்கப் போன முதல் குளிர்காலம். அறைத்தோழி லாட்வியப் பெண், ஃப்ளூட் படிப்பவள். நாலு மணிக்கே இருட்டிவிட்ட ஒரு நாள், நான் அனாட்டமி புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். குருவிக் கீச்சல் மாதிரிச் சின்னச் சின்னச் சத்தம், நடுவில் நீண்ட மௌனம். திடீரென்று யாரோ முனகுவது கேட்டது. அறையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் இவளேதான், ஊதிக்கொண்டே பாடுகிறாள்! காற்றும் குரலும் உரசி, குழலே நடுங்குகிற மாதிரி இருந்தது.

நான் மிரண்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இசை நோட்ஸைக் காட்டினாள். பேதெரிஸ் வாஸ்க்ஸ் 1980-ல் தனி ஃப்ளூட்டுக்கு எழுதிய 'பறவைகளுடன் நிலக்காட்சி'. அன்று ராத்திரி டீ குடித்தபடி அவர் கதையையும் சொன்னாள். 1946-ல் ஐஸ்புதே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் போதகர். சோவியத் காலத்தில் போதகர் மகனுக்கு ரீகாவில் மேல்படிப்புக் கதவு திறக்கவில்லை. பக்கத்து லிதுவேனியாவுக்குப் போய், வில்னியஸில் டபுள் பாஸ் (ஆளுயர வயலின் மாதிரி வாத்தியம்) படித்திருக்கிறார். வருஷக்கணக்கில் ஆர்கெஸ்ட்ராக்களில் பாஸ் வாசித்த பிறகுதான் ரீகாவிலேயே இசையமைப்புப் படிப்பு. அதை முடித்தது 1978-ல்.

உங்களில் வேறு யாராவது இவர் இசையை நேரில் கேட்டதுண்டா?

---

கேட்டிருக்கிறேன் தோழி, ஜெர்மனியில் ஒரு சின்ன தேவாலயத்தில். நீங்கள் சொன்ன அதே 1978-ல் அவர் தனி செல்லோவுக்கு (முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) எழுதிய 'புத்தகம்'. இரண்டே பாகம். முதல் பாகம் முழுக்கக் கத்தல். வில்லின் மயிர் ஒன்று அறுந்து தொங்க, அந்தக் கலைஞர் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். இரண்டாவது பாகம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய அளவு மெல்லிசு. அதில்தான் அவர் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தார். பயிற்சி பெற்ற குரல் இல்லை, கொஞ்சம் பிசிறு. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பாடுவது யார் என்று பின்னால் திரும்பித் தேடினார்!

2012-ல் செல்லோ கலைஞர் சோல் கபேட்டாவுக்காக எழுதிய செல்லோ கான்செர்ட்டோவிலும் (ஒரு வாத்தியம் முன்னிற்க ஆர்கெஸ்ட்ரா உடன் வாசிக்கும் படைப்பு) கடைசியில் வாசிப்பவர் பாட வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் மனிதர் அதை விடவில்லை. வாத்தியம் மட்டும் அவருக்குப் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரசங்க மேடைக்குக் கீழே வளர்ந்த பிள்ளை, பாடாமல் எப்படி இருப்பார்? இது என் ஊகம்தான், அடிக்க வராதீர்கள்.

எல்லோரும் புகழ்வது 'தொலைதூர ஒளி' வயலின் கான்செர்ட்டோவை. வயலின் கலைஞர் கிடான் க்ரெமருக்காக எழுதியது, 1997-ல் சால்ஸ்பர்க்கில் அரங்கேறியது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வயலின் மேலேறி வரும் அந்தத் தொடக்கம் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு அந்தப் பிசிறுக் குரலுக்கே.

---

சகோ, அந்தப் பெரியவரை நினைத்துச் சிரித்துவிட்டேன். எங்கள் விடுதியிலும் ஒரு கூத்து நடந்தது. தேர்வுச் சமயம், பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள். ஃப்ளூட்டை நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தோம். "ஃப்ளூட் வாசிச்சுக்கோ, பரவாயில்லை. கூடப் பாடுற ஆளை மட்டும் வெளியே அனுப்பு" என்றாள்.