ஸ்பிரிங் இறக்கிய காருக்கு 6,800 யூரோ கொடுக்கலாமா? பாரிசுக்குப் புதிதாக வந்த புதுச்சேரித் தம்பிக்கு

தம்பி, நீங்கள் அனுப்பிய விளம்பரத்தை நிதானமாகப் பார்த்தேன். 2014 மாடல் டீசல் கார், 1,48,000 கிலோமீட்டர், ஸ்பிரிங் இறக்கி (காரின் உயரத்தைக் குறைத்து) 18 இஞ்ச் அலாய் வீல் போட்டது, முன் கதவுக் கண்ணாடியில் கறுப்பு பிலிம், எஞ்சினை ரெப்ரோ செய்து, அதாவது அதன் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, பவர் கூட்டியது. கேட்கும் விலை 6,800. இதே வருடம், இதே ஓட்டம், கை வைக்காத கார் லெபோன்குவான் விளம்பரத் தளத்தில் 5,200 பக்கம் நிற்கிறது. “2,500 யூரோவுக்கு வேலை செய்திருக்கிறேன், 1,600தான் சேர்த்துக் கேட்கிறேன்” என்று ஓனர் சொல்வது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயம் இல்லை. அந்த 2,500 அவர் தன் ஆசைக்குச் செலவழித்த பணம். அதை நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

நீங்கள் உப்பளம், நான் முத்தியால்பேட்டை. விலை குறைவு என்று நம் ஊரில் பிஒய் 01 வண்டியை வாங்கிப் போகும் கடலூர்க்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். என்ஓசி எடுத்து, தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் கட்டி, டிஎன் 31க்கு மாற்றி முடித்ததும் கடலூரிலேயே வாங்கியிருக்கலாம் என்பார்கள். ஓனர் சொல்லும் தொகையோடு, வண்டி உங்கள் பெயருக்கு வந்து ஒரு வருடம் தொந்தரவில்லாமல் ஓட ஆகும் பணத்தையும் கூட்டுங்கள். அதுதான் விலை. இங்கேயும் அதே கணக்குதான்.

முதலில் ரெப்ரோ. எஞ்சின் பவரைக் கூட்டினால் இங்கே ‘ரெசெப்சியோன் ஆ தீத்ர் இசோலே’ என்ற தனி அரசு ஒப்புதல் வாங்கி, கார்த் கிரீஸில் (நம் ஊர் ஆர்சி புத்தகம் போன்றது) ஏற்ற வேண்டும். கார்த் கிரீஸை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் பழைய பவரே இருந்தால் அந்த வேலை சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நீங்கள் சொல்லாத காராகிவிடும். விபத்து நடந்தால் உங்களுக்கு வர வேண்டியதைக் குறைப்பார்கள், ஒப்பந்தமே செல்லாது என்றும் சொல்லலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கவும் வழி உண்டு. புதிதாக வந்திருக்கும் குடும்பம் அதைத் தாங்குமா, யோசித்துப் பாருங்கள். டீசல் என்பதால் இன்னொன்று: புகையை வடிகட்டும் ஃபாப் உள்ளே இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். ரெப்ரோ செய்யும்போது சிலர் அதையும் எடுத்துவிடுவார்கள். அப்படி எடுப்பதற்கு 7,500 யூரோ வரை அபராதம்.

கறுப்பு பிலிம் சின்ன விஷயம், பிய்த்து எறிந்துவிடலாம். ஆனால் பிய்க்காமல் ஓட்டாதீர்கள். 2017 ஜனவரியிலிருந்து முன் பக்கக் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். மாட்டினால் 135 யூரோவும் லைசென்ஸில் 3 பாயிண்டும் போகும்.

ஸ்பிரிங் இறக்கியதை நேரில் பார்த்தால்தான் புரியும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லிவிட்டு, முன் டயரின் உள் விளிம்பை விரலால் தடவுங்கள். வெளிப்பக்கம் புதிது போல இருக்கும், உள்ளே கம்பி தெரியும். போன குளிர்காலத்தில் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் ஒரு காரை இப்படித்தான் பார்த்தேன். நான்கு டயரும் புதிது என்று ஓனர் சொல்லிக்கொண்டே நின்றார், விரலில் கம்பி குத்தியது. டயர், அலைன்மென்ட், ஒரிஜினல் ஸ்பிரிங் மூன்றையும் நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் அவரே 900 யூரோ குறைத்தார். வாங்கவில்லை.

எல்லா மாற்றமும் வீண் என்று சொல்ல மாட்டேன். பெட்ரோல் காரில் எத்தனால் கலந்த ஈ85 எரிபொருளில் ஓட வைக்கும் அங்கீகரித்த பெட்டி மாட்டி, கார்த் கிரீஸில் எரிபொருள் எஃப்.இ என்று மாறியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்த எரிபொருள் பெட்ரோலைவிட மிகவும் மலிவு. கார் கொஞ்சம் அதிகமாகக் குடித்தாலும் தினமும் தூரம் போகிறவருக்கு மிச்சம்தான். பேப்பர் இல்லாமல் மாட்டியது என்றால் அதையும் விலையிலிருந்து கழியுங்கள்.

அப்புறம் பேப்பர். ஹிஸ்டோவெக் அரசாங்கத் தளம், இலவசம். ஓனர் அதிலிருந்து எடுத்து லிங்க் அனுப்ப வேண்டும். எத்தனை கை மாறியது, பெரிய விபத்தில் அடிபட்டு எக்ஸ்பர்ட் பார்த்து ரிப்பேர் ஆனதா, ஒவ்வொரு கோன்த்ரோல் தெக்னிக்கிலும் (கட்டாய வாகனப் பரிசோதனை) மீட்டர் எவ்வளவு காட்டியது எல்லாம் அதில் வரும். மீட்டரைத் திருப்பி வைத்திருந்தால் இங்கேதான் மாட்டுவார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார் என்றால் பிரான்சுக்கு வந்த பிறகான கதைதான் இதில் இருக்கும், ஜாக்கிரதை. நான்கு வருடம் தாண்டிய காருக்கு 6 மாதத்துக்குள் எடுத்த கோன்த்ரோல் தெக்னிக் அவர் கொடுத்தாக வேண்டும். அதில் ‘கோன்த்ர் விசித்’, அதாவது குறையைச் சரிசெய்து மறுபரிசோதனைக்கு வா, என்று இருந்தால் டெஸ்ட் நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் தலையில். கடன், தடை எதுவும் இல்லை என்ற சான்று 15 நாளுக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

சர்வீஸ் பில் இல்லாத காரைத் தொடாதீர்கள். பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட் மாற்றுவதே பெரிய செலவு. பேஜோ, சித்ரோயனில் வரும் 1.2 பியூர்டெக் பெட்ரோல் எஞ்சினில் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும், அது சிதைந்து எண்ணெய் வழியை அடைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. அதற்குக் கம்பெனி 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை கவர் நீட்டித்தது, ஆனால் முறையாக சர்வீஸ் செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பில் இருந்தால் காருக்கு ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

பாடியைப் பார்க்க என் மாமா கற்றுக்கொடுத்தது போதும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். கதவை, பானெட்டை விரல் மடக்கித் தட்டுவார். தகரம் கணீரென்னும், பட்டி பூசிய இடம் மொத்தென்று கேட்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அடுத்து சாத்தனூர் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரையும் மூழ்கடித்தது. அதற்குப் பின் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்த வண்டிகளில் அவர் முதலில் பிடித்து இழுப்பது சீட் பெல்ட்டை. கடைசி வரை இழுத்தால் சுருளின் அடியில் சேற்றுக் கோடு நிற்கும். அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. இங்கேயும் வெள்ளம் வருகிறது, இழுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், அதனால் கதவுக்குக் கீழே குனிந்து துருவையும் பாருங்கள். கடற்கரைக் காற்றில் வளர்ந்தவர்களுக்குத் துரு எப்படி அரிக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்சூரன்ஸை வாங்கும் முன்பே விசாரியுங்கள். புதுச்சேரியில் பத்து வருடம் ஓட்டியிருந்தாலும் பெரும்பாலும் புது டிரைவராகத்தான் கணக்கு வைப்பார்கள், முதல் வருடம் பிரீமியம் இரட்டிப்பாகக்கூட ஆகலாம். அதிக பவர் எஞ்சினுக்கு இன்னும் ஏறும்.

சரி, இந்தக் கார். கை வைக்காத காரின் 5,200லிருந்து ஆரம்பியுங்கள். டயர், ஸ்பிரிங், எஞ்சினைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, பெல்ட் பில் இல்லாவிட்டால் அது, எல்லாம் கழித்தால் என் கணக்கில் 3,800க்கு மேல் வராது. அவர் அதற்கு இறங்க மாட்டார், விட்டுவிடுங்கள். அந்த 5,200 கார்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஹிஸ்டோவெக் லிங்க் கேளுங்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள். பகலில் பார்க்க நேரம் வாங்குங்கள், நாம் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஞாயிறு என்றால் நானும் கூட வருகிறேன்.