மறு: மறு: இன்ஃபுசோரியாவுக்குத் தமிழில் என்ன?

கையேட்டுத் தொகுப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மகளிர் குழுக்களுக்கான வண்ணமீன் வளர்ப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஃபைட்டர், கௌராமி குஞ்சுகளுக்கு இரை கொடுக்கும் பகுதியில் 'இன்ஃபுசோரியா' (இலை, தோல் ஊறிய நீரில் பெருகும் மிக நுண்ணிய உயிர்கள்) என்ற ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறேன். ஃபைட்டர் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் குஞ்சு தன் வயிற்றிலுள்ள கருவுணவிலேயே காலம் தள்ளும். அது தீர்ந்து படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கிய அன்றே வாய்க்கு அடங்கும் இரை வேண்டும். புதிதாய்ப் பொரித்த ஆர்டீமியா (உவர்நீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிர்) ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். குட்டைக் கௌராமிக் குஞ்சின் வாய்க்குள் அது நுழையாது. 'நுண்ணுயிர்' என்று எழுதினால் படிப்பவர் நோய்க்கிருமி என்று பயந்து கொட்டிவிடுவார். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு):
'ஊறுயிர்' என்று ஆளலாம். ஊறவைத்த நீரில் தோன்றுவதால் அப்பெயர். மூலச்சொல்லும் ஊறலைத்தான் குறிக்கிறது. ஹாலந்தில் நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்க்க அதை நீரில் ஊறப்போட்டு, அந்த நீரில் நுண்ணிய உயிர்கள் ஓடுவதைக் கண்டார். 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு மடல் எழுதினார். மிளகு நம் பக்கத்துச் சரக்கு. அந்த ஊறலிலிருந்து பிறந்த பெயரைத் தமிழில் சொல்ல நாம் தயங்கலாமா? புணர்ச்சியிலும் இடர் இல்லை: உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்.

கொளத்தூர் வளர்ப்பாளர்:
ஐயா, வணக்கம். நாளேட்டில் 'ஊறல்' என்று வந்தாலே கள்ளச்சாராய ஊறலை அழித்த செய்திதான். 'ஊறு' என்றால் தீங்கு என்றும் பொருள் இருக்கிறதே, இடையூறு மாதிரி. எங்கள் தெருவில் பத்தாவது படித்த பெண்கள்கூட 'இன்ஃபுசோரியா' என்று தடங்கல் இல்லாமல் சொல்கிறார்கள்.

பெயரைவிட, தண்ணீர் எப்போது தயார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கண்ணாடி ஜாடியில் வாழைப்பழத் தோலோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு, பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். முதலில் பால்போலக் கலங்கி நாறும். அது பாக்டீரியா, அதை ஊற்றக் கூடாது. மூன்று நான்கு நாளில் நாற்றம் குறைந்து, நீர் தெளிந்து, வைக்கோல் நிறம் தட்டும். வெளிச்சத்தில் பிடித்தால் தூசு தானே நகர்வது தெரியும். மை நிரப்பும் ஃபில்லரால் அந்தத் தூசு கூடும் பக்கத்தில் உறிஞ்சி, குஞ்சு நிற்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக, ஒரு நாளைக்குப் பலமுறை விட வேண்டும். ஜாடியையே கவிழ்த்தால் அம்மோனியா ஏறி மொத்தக் குஞ்சும் போய்விடும். அந்த நஷ்டம் எந்தக் கலைச்சொல்லாலும் தீராது.

தமிழாசிரியர்:
ஊறுகாயைத் தீங்குகாய் என்று யாரும் எண்ணுவதில்லை. வினைத்தொகை அங்கே நிற்கும்போது இங்கும் நிற்கும். இன்னொன்று: கையேட்டில் 'குஞ்சு' என்று வருகிறது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர் ஒன்பதில் பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்றுக்கு உரியன என்று கூறி, தவழ்பவற்றுக்கும் அதையே விரிக்கிறது. ஐங்குறுநூற்றில் யாமைக்கு இளம்பார்ப்பு உண்டு. 'தன்பார்ப்புத் தின்னும் அன்பில் முதலை'யும் உண்டு. 'மீன்பார்ப்பு' என்று எழுதினால் என்ன?

மீன்வள மாணவி:
ஐயா, நுரைக்கூட்டைக் காவல் காத்து, கீழே விழும் குஞ்சை வாயால் கவ்வி மேலே விடுகிற ஆண் ஃபைட்டரும், குஞ்சு நீந்தத் தொடங்கியபின் பிரிக்காவிட்டால் அந்த முதலைபோல் ஆகிவிடும். அதனால் அந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'விரலளவு மீன்குஞ்சு' என்று துறையில் வேரூன்றிய பிறகு பார்ப்பு ஏறாது.

ஊறுயிரில் எனக்குள்ள சிக்கல் வேறு. இன்ஃபுசோரியா இன்று வகைப்பாட்டில் ஓர் இனமே இல்லை. பரமீசியம் போன்ற குறுஇழை உயிர்களும், கசையிழை உயிர்களும், பல செல் கொண்ட ரோட்டிஃபர்களும் அந்த ஜாடியில் கலந்திருக்கும். 'உயிர்' என்று முடித்தால் அது ஓர் இனத்தின் பெயர் என்று மாணவர் மனப்பாடம் செய்வார். பயனை வைத்துப் பெயரிடுவோம்: 'முதலிரை'.

தொகுப்பாளர்:
தங்கையே, கப்பியும் மோலியும் குட்டி போடுபவை. அவற்றின் குஞ்சு பிறந்த அன்றே ஆர்டீமியா தின்னும். அதற்கு அதுதானே முதலிரை?

மொழிபெயர்ப்பாளர் அம்மா:
பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்போமே, அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால்? 'மீன்சேனை' என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
அழகான சிந்தனை, அம்மா. ஆனால் சேனை ஒரே ஒரு முறை நாவில் தொடுவது. இதுவோ நாள் முழுதும் ஊட்டுவது. சேனை என்றால் படையும் கிழங்கும் வேறு முன்னே வந்து நிற்கும்.

தொகுப்பாளர்:
நேரம் இல்லை. 'நுண்ணிரை' என்று வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'இன்ஃபுசோரியா என்னும் நுண்ணிரை' என்று வரும். ஐவரில் மூவர் சரி என்றுவிட்டீர்கள். கொளத்தூர் அண்ணன் சொன்ன ஜாடிப் பக்குவத்தை அப்படியே தனிக் கட்டத்தில் போடுகிறேன்.

கொளத்தூர் வளர்ப்பாளர்:
போடுங்கள். படிக்கிறவர் கடைக்கு வந்து நுண்ணிரை கேட்டால் நான் புரிந்துகொள்வேன். ஆனால் மொய்னா என்னும் நீர்த்தெள்ளின் குஞ்சும் நுண்ணிரைதானே என்று கேட்டால் என்ன சொல்ல?

தமிழாசிரியர்:
தனிக்குறில் முன் ஒற்று இரட்டியது சரி. இலக்கணக் குற்றம் இல்லை. ஆனால் எதில் பிறந்தது என்பதை அச்சொல் சொல்லவில்லை, தம்பி கேட்ட கேள்வியும் அதனால்தான் எழுகிறது. கையேட்டின் பின்னுள்ள சொல்லடைவில் ஊறுயிருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.