மூணாவது பூனை

குழந்தைகளை வரைந்த ஓவியங்களில் தெரியும் மனநிலையை எப்படிப் படிப்பது என்று பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன்.

என் மகனுக்கு நாலு வயது. அவன் அறையில் மாட்டுவதற்காக, ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த சிவப்பு உடைச் சிறுவன் படத்தைப் பிரிண்ட் போட்டு, சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்தேன். 1787-88 காலத்து ஓவியம். அசல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அல்தமிரா பிரபுவின் மகன் மானுவேல் கையில் நூலோடு நிற்கிறான். நூலின் மறுமுனையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை, நம் பக்கத்து வால்காக்கைக்கு உறவு. அது அலகில் கவ்வியிருக்கும் சீட்டில்தான் கோயா தன் பெயரை எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் கூண்டில் குருவிகள், இன்னொரு பக்கம் பூனைகள்.

கடைக்காரர் டியூப்லைட்டுக்குக் கீழே படத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பூனை மூணு இருக்குங்க, பாத்தீங்களா?" என்றார். நான் இரண்டைத்தான் பார்த்திருந்தேன். அவற்றுக்குப் பின்னால், இருட்டோடு இருட்டாக இன்னொன்று. "குழந்தை ரூமுக்கா?" என்று கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஓவிய மரபில் கூண்டுப் பறவை ஆன்மாவுக்கு அடையாளமாம். பூனைகள், பதுங்கிக் காத்திருக்கும் தீமை. மானுவேல் 1792-லேயே இறந்துவிட்டான், எட்டு வயதில். அதைப் படித்த பிறகு அந்த முகத்தில் எனக்குச் சோகம் மட்டும்தான் தெரிந்தது.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்காடு அடிவாரத்தில் வளர்ந்தவர். "சோகமெல்லாம் இல்ல கண்ணு. நாங்க பொன்வண்டு கழுத்துல நூல் கட்டித் தீப்பெட்டியில வச்சிருப்போம். முட்டை போட்டிருக்கான்னு தெறந்து தெறந்து பாப்போம். அது மேல உசுரையே வச்சிருந்தோம். ஆனா கட்டித்தான வச்சிருந்தோம்?"

அதைக் கேட்டதும் சுருக்கென்றது. கோயா வரையும்போது மானுவேல் மூன்று, நான்கு வயதில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை. 1792-ஐ அந்த முகத்தில் ஏற்றியது நான்தான். பயம் அவன் முகத்தில் இல்லை. இமைக்காமல் பறவையையே பார்க்கிற அந்தப் பூனைகளிடம் இருக்கிறது. அவனுக்கு அவை இருப்பதே தெரியாது. அப்புறம் விரல்களைப் பார்த்தேன். நூலை இறுக்கிப் பிடிக்கவே இல்லை, இரண்டு கையிலும் சும்மா தளர விட்டிருக்கிறான்.

படத்தை மகன் அறையில்தான் மாட்டியிருக்கிறேன், அவன் கண் மட்டத்துக்கு. மூணாவது பூனையை அவன் இன்னும் பார்க்கவில்லை.